தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்தின் பொன்கோலும் நேட்டால் தமிழரும்

தமிழ்நாட்டிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருப்பது இது: "டெல்லியில் செங்கோல் வைத்தபோது அவ்வளவு விவாதம் நடந்தது. தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்திலும் சபாநாயகருக்கு முன்னால் ஒரு தங்கக் கோலைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கத்தை இன்னும் ஏன் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள்? அங்கே இருக்கும் தமிழர்களுக்கு அதைப் பார்த்தால் கோபம் வராதா?"

நான் டர்பனில் பிறந்து வளர்ந்தவன். டர்பன் அடங்கிய நேட்டால் பகுதியின் இந்தியர் வரலாற்றைப் பல வருடங்களாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். நேராகப் பதில் சொன்னால், பழக்கம் பிரிட்டிஷாருடையது, கோல் அவர்களுடையது அல்ல. இப்போது அவையில் இருப்பது 2004இல் புதிதாகச் செய்தது. கோபத்தைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்குக் கொஞ்சம் பின்னால் போய்த்தான் வர வேண்டும்.

முதலில் ஒரு விஷயம். இந்தக் கோலுக்கு ஆங்கிலத்தில் மேஸ் என்று பெயர், இது செங்கோல் வகையைச் சேர்ந்தது அல்ல. செங்கோல் ஆள்பவர் கைக்குப் போவது. 1947இல் திருவாவடுதுறை ஆதீனத்தார் நேருவிடம் கொடுத்ததும், 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றத்தில் சபாநாயகர் இருக்கைக்குப் பக்கத்தில் நிறுவியதும் அந்த வகை. ஆங்கிலேயரின் மேஸ் அரசன் கையில் இருப்பதில்லை. அரசனுக்கு முன்னால் நடக்கும் காவலாளி கையில் இருப்பது. கவசம் போட்டவனின் மண்டையை உடைக்கப் பயன்பட்ட இரும்புத் தண்டாயுதம்தான் அது. அந்தக் காவலாளிக்கு சார்ஜண்ட்-அட்-ஆர்ம்ஸ் என்று பெயர். அவனுடைய தண்டத்தின் அடிப்பக்கக் குமிழில் அரச முத்திரை இருக்கும். ஒருவனைப் பிடிக்க வேண்டுமென்றால் கையில் காகிதம் எதுவும் தேவையில்லை, முத்திரையைக் காட்டினால் போதும். போகப் போக அடிக்கிற தலை சிறுத்துப்போனது, முத்திரை இருந்த அடிப்பக்கம் பெருத்தது, அதன்மேல் ஒரு கிரீடமும் ஏறியது. கடைசியில் அதைத் தலைகீழாகவே பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இன்று லண்டனில் வெள்ளியில் செய்து பொன்முலாம் பூசி, உச்சியில் கிரீடத்தோடு தூக்கிவரும் மேஸில் நாம் மேலே பார்ப்பது பழைய ஆயுதத்தின் அடிப்பக்கம்.

அது எப்படி மன்னனிடமிருந்து மன்றத்துக்குப் போனது என்பதற்கு எட்டாம் ஹென்றி காலத்து நிகழ்ச்சி ஒன்று இருக்கிறது. ஜார்ஜ் ஃபெரர்ஸ் என்ற உறுப்பினர் யாருக்கோ ஜாமீன் நின்ற கடனுக்காக லண்டனில் சிறைவைக்கப்பட்டார். அவரை விடுவிக்கக் கீழவை தன் சார்ஜண்டை அனுப்பியது. சிறையில் கைகலப்பு ஆகிவிட்டது. தன்மேல் விழுந்த அடியை சார்ஜண்ட் மேஸால் தடுத்தார், அதன் கிரீடம் உடைந்துபோனது. பிறகு முறையான ஆணை எழுதித் தருகிறோம் என்று மேலிடத்தில் சொன்னபோது அவை மறுத்துவிட்டது. "எங்கள் சார்ஜண்ட் மேஸைக் காட்டினாலே போதும், அதுதான் ஆணை" என்பது அவர்கள் நிலை. அங்கிருந்துதான் இந்தக் கோல் அவையின் சொந்த அதிகாரத்துக்கு அடையாளமாகத் தொடங்கியது. 1653இல் கிராம்வெல் படையோடு வந்து அவையைக் கலைத்தபோது இதையும் அப்புறப்படுத்தச் சொன்னார். கோல் மேசைமேல் இருந்தால் அவை கூடியிருக்கிறது, இல்லையென்றால் அங்கே உட்கார்ந்திருப்பது வெறும் கூட்டம். நடைமுறை இன்றும் அதுதான்.

இந்த முறையை பிரிட்டிஷார் போன இடமெல்லாம் கொண்டுபோனார்கள். சபாநாயகர், சார்ஜண்ட், மேலவை அதிகாரி ஏந்தும் கறுப்புக் கோல், மேஸ் என்று எல்லாம் ஒரே பெட்டியில் வந்து இறங்கும். கேப் காலனியின் நாடாளுமன்றம் 1854இல் கூடியது. நேட்டால் 1856இல் தனிக் காலனி ஆகி சட்டமன்றம் பெற்றது, 1893இல் உள்நாட்டு விஷயங்களைத் தானே நடத்தும் பொறுப்பாட்சியும் பெற்றது. இதுபோன்ற மன்றத்தின் கோலைப் பார்த்தால் நான் முதலில் தலையைத்தான் பார்ப்பேன். அங்கே என்ன இருக்கிறதோ, அதனிடம் அனுமதி வாங்கித்தான் அந்த மன்றம் சட்டம் போடுகிறது. காலனிகளில் அங்கே இருந்தது பிரிட்டிஷ் முடி, அதாவது அரச கிரீடம். எங்கள் முன்னோரின் கதை முழுக்க அந்தத் தலையைப் பார்த்து மனு எழுதிய கதைதான்.

1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் 342 பேரோடு டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. 1911 வரை வந்தவர்கள் மொத்தம் 1,52,184 பேர், அதில் மூன்றில் இரண்டு பங்கு மதராஸ் வழியாக வந்த தமிழரும் தெலுங்கரும். கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருட ஒப்பந்தம். முதல் வருடம் மாதச் சம்பளம் பத்து ஷில்லிங், ஒவ்வொரு வருடமும் ஒரு ஷில்லிங் கூடும். ஒப்பந்தம் முடிந்தவர்கள் ஊர் திரும்பாமல் துண்டு நிலம் எடுத்துக் காய்கறி போட்டார்கள், கடை வைத்தார்கள், மீன் பிடித்தார்கள். கரும்பு வெட்ட ஆள் வேண்டும், வெட்டி முடித்தபின் அந்த ஆள் பக்கத்து வீட்டுக்காரனாக இருக்கக் கூடாது. வெள்ளைக் குடியேறிகளின் எண்ணம் இதுதான்.

பொறுப்பாட்சி கைக்கு வந்ததும் நேட்டால் தலைநகர் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருந்த மன்றம் 1894இலேயே இந்தியரின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதாவைக் கொண்டுவந்தது. அப்போதுதான் காந்தி இங்கே தங்குவதென்று முடிவெடுத்தார். பத்தாயிரம் கையெழுத்தோடு காலனித் துறை அமைச்சர் ரிப்பன் பிரபுவுக்கு மனு போனது, ஆகஸ்டில் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. லண்டன் அந்த மசோதாவுக்கு ஒப்புதல் தரவில்லை. முடியிடம் முறையிட்டால் நடக்கும் என்று நம் ஆட்கள் நம்பினார்கள். ஆனால் லண்டனுக்குப் பிடிக்காமல் போனது மசோதாவின் வார்த்தை மட்டும்தான். 1896இல் அதே மசோதா வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தது. அதில் இந்தியர் என்ற சொல்லே கிடையாது. தேர்தல் வழியாக அமைந்த நாடாளுமன்ற முறை இல்லாத நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கும் அவர்கள் வம்சாவளிக்கும் வாக்கு இல்லை என்று எழுதியிருந்தார்கள். லண்டன் ஒப்புதல் தந்துவிட்டது. இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரியும். இந்தியாவில் அப்படி ஒரு நாடாளுமன்றம் அமையவிடாமல் வைத்திருந்தது யார்? அதே முடிதானே!

அதற்கு முந்தைய வருடம், 1895இல், பதினேழாம் எண் சட்டம். ஒப்பந்தம் முடிந்தபின் மறு ஒப்பந்தமும் போடாமல் ஊருக்கும் போகாமல் இருப்பவர் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும். நேட்டால்காரர்கள் முதலில் கேட்டது 25 பவுன். இந்திய வைஸ்ராய் எல்ஜின் பிரபு மூன்றுக்கு ஒத்துக்கொண்டார். அந்த மூன்று பவுன் எவ்வளவு பெரிய தொகை? ஒரு பவுனுக்கு இருபது ஷில்லிங். மூன்று பவுன் என்றால் அறுபது ஷில்லிங், அதாவது முதல் வருடச் சம்பளத்தில் ஆறு மாதத்துக் கூலி. மனைவிக்குத் தனி. பதினாறு வயதுப் பையனுக்குத் தனி, பதிமூன்று வயதுப் பெண்பிள்ளைக்கும் தனி. நான்கு பேர் உள்ள வீட்டுக்குப் பன்னிரண்டு பவுன். கோலோடு நிற்பவன் வேலோடு நிற்பவனாக மாறினால் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமா, இந்தக் கணக்கு போதும். கட்ட முடியாதவன் மறுபடி ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துக் கரும்புக்கே திரும்பினான். வரி போட்டதே அதற்காகத்தான்.

காந்தியிடம் வந்த பாலசுந்தரத்தை நினைத்துப் பாருங்கள். டர்பனில் ஒரு வெள்ளைக்காரரிடம் ஒப்பந்தத்தில் இருந்த தமிழர். கிழிந்த துணி, முன்பற்கள் இரண்டு உடைந்து வாயெல்லாம் இரத்தம், தலைப்பாகை தலையில் இல்லை, கையில். வெள்ளைக்காரர் முன்னால் போகும்போது தலைப்பாகையைக் கழற்றிவிட வேண்டும் என்பது அன்றைய கட்டாயம். காந்தி அதைத் திரும்பக் கட்டிக்கொள்ளச் சொன்னார். தயங்கித்தான் கட்டிக்கொண்டார் அவர், ஆனால் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது என்று காந்தி எழுதியிருக்கிறார். மன்றத்துக்குள் ஒரு முடியைத் தோளில் ஏந்திவருகிறார்கள், வெளியே இன்னொருவன் தலையில் துணி இருக்கக் கூடாது. காலனி அதிகாரம் என்று நான் வகுப்பில் சொன்னால் பிள்ளைகளுக்கு மண்டையில் ஏறாது. பாலசுந்தரத்தைச் சொன்னால் உடனே ஏறிவிடும்.

1913 போராட்டம் உங்களுக்குத் தெரிந்த கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். பக்கத்து மாகாணமான டிரான்ஸ்வாலிலிருந்து எல்லை தாண்டிப் போன பெண்கள் நேட்டாலின் நியூகாசில் சுரங்கத் தொழிலாளரிடம் மூன்று பவுன் வரியை எதிர்த்து வேலையை நிறுத்தச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர். வேலைநிறுத்தம் சுரங்கத்திலிருந்து கரும்புத் தோட்டம் வரை பரவியது. மொரிஷியஸில் பிறந்த தம்பி நாயுடு அதன் முன்னணியில் நின்றார். பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில் காய்ச்சல் கண்ட தில்லையாடி வள்ளியம்மை வெளியே வந்த சில நாளில், 1914 பிப்ரவரி 22 அன்று, பதினாறு வயதில் இறந்தாள். வரிச் சட்டம் போட்ட ஊரும் அதுவேதான். அதே 1914இல் வரி ஒழிந்தது. ஒழித்தது கேப் டவுனில் இருந்த, காலனிகள் ஒன்றுசேர்ந்து உருவான தென்னாப்பிரிக்க யூனியனின் நாடாளுமன்றம், நேட்டால் அதற்குள் அதில் ஒரு மாகாணம் ஆகியிருந்தது.

யூனியன் வந்தபின் நிலைமை இன்னும் இறுகியது. 1910க்கு முன்னால் லண்டனிடமாவது முறையிட முடிந்தது. அப்புறம் லண்டன், அது உங்கள் உள்நாட்டு விஷயம் என்று ஒதுங்கிக்கொண்டது. 1946இல் பிரதமர் ஸ்மட்ஸின் அரசு இந்தியர் நிலம் வாங்கும் இடங்களை அடைத்து ஒரு சட்டம் போட்டது. அதற்கு ஈடாகக் கீழவையில் மூன்று இடம் தருகிறோம் என்றது, ஆனால் அந்த மூன்றிலும் உட்காருபவர் வெள்ளையராகத்தான் இருக்க வேண்டும்! ஓரினத்தை ஒதுக்கி அடைக்கும் இடம் என்ற பொருளில் கெட்டோ சட்டம் என்று பெயர் வைத்து நம் ஆட்கள் அதைத் தூக்கி எறிந்தார்கள். டாக்டர் மான்டி நாயக்கர் தலைமையில் டர்பனில் சத்தியாக்கிரகம் நடந்தது, ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் சிறை போனார்கள். 1961இல் நாடு குடியரசானது, கோலில் முடிக்கு வேலை இல்லாமல் போனது, குடியரசுக்கென்று தனியாக ஒரு பொன்கோல் வந்தது. தலையில் இருந்தது மாறியது, அவைக்குள் இருந்தவர்கள் மாறவில்லை. இனத்துக்கு ஒரு வசிப்பிடம் என்று பிரித்த குழுப்பகுதிச் சட்டத்தில், டர்பனில் நாங்கள் வாழ்ந்த கேட்டோ மேனரையும் மேகசின் பாரக்ஸையும் காலி செய்து எங்களை இந்தியருக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியது அந்த அவைதான்.

1984இல் மூன்று அவை நாடாளுமன்றம் என்று ஒன்று வந்தது. வெள்ளையருக்கு 178 இடம், கலப்பினத்தாருக்கு 85, இந்தியருக்கு 45. ஆப்பிரிக்கருக்கு ஒன்றும் இல்லை. சண்டை வந்தால் வெள்ளையர் அவை நினைத்ததுதான் கடைசியில் நடக்கும்படி அமைத்திருந்தார்கள். இந்தியர் அவைத் தேர்தலில் வாக்களிக்கப் பதிவு செய்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் போனார். என் பெற்றோர் போகவில்லை. சடங்கு எல்லாம் அங்கேயும் குறையில்லாமல் நடந்தது. அதிகாரம்தான் அங்கே இல்லை.

சரி, இப்போது 2004க்கு வருவோம். 1994இல் ஜனநாயகம் வந்தும் பத்து வருடம் பழைய கோலே ஓடியது. மண்டேலாவைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்த முதல் அவை கூடியதுகூட மூன்று அவைக் கூட்டமர்வுக்காகக் கட்டிய மண்டபத்தில்தான். 2004 செப்டம்பர் 14 அன்று புதிய மேஸ் வந்தது. அதற்கு நாப்கெரியின் வடிவம். நாப்கெரி தெரியாதவர்களுக்கு: ஒரே மரத்துண்டில் செதுக்கிய, முனையில் உருண்டைக் குமிழ் உள்ள கைத்தடி, ஜூலுவில் இவிசா. ஆடு மாடு மேய்க்கவும், ஊன்றி நடக்கவும், சண்டைக்கும் அதுதான். தலைவரின் கையில் இருந்தால் தலைமைக்கும் அடையாளம். அதைத் தங்கத்தில் செய்தார்கள். இந்த நாடு சுரங்கத்தால் வளர்ந்தது என்பதையும் அந்தத் தங்கம் சொல்கிறது. கூடவே ஒரு முரசு வைத்தார்கள், ஊரைக் கூட்டிப் பேசச்சொல்லி அழைக்கும் முரசு. முடி இருந்த இடத்துக்கு ஊர்கூடும் ஒலி வந்தது என்பதில்தான் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

எல்லோருக்கும் அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் பெரியம்மா தொலைக்காட்சியில் இந்தக் கோலைப் பார்த்துவிட்டு, "இந்தத் தடியையா தங்கத்தில் செஞ்சு வெச்சிருக்காங்க?" என்று கேட்டார். 1949 ஜனவரியில் அவர் கேட்டோ மேனரில் சிறுபிள்ளை. அப்போது டர்பனில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் இடையே வெடித்த இரண்டு மூன்று நாள் கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள். ஐம்பது பேர் இந்தியர், அதைவிட அதிகமானோர் ஆப்பிரிக்கர், அவர்களில் பலர் போலீஸ் சுட்டதில் விழுந்தவர்கள். பெரியம்மாவுக்கு ஞாபகம் இருப்பது கதவில் விழுந்த தடியடி. பழைய டர்பன் நகரக் காவலில் இருந்த ஜூலு காவலர்களின் கையில் இருந்ததும் நாப்கெரிதான். 1990களின் தொடக்கத்தில் நேட்டாலில் கட்சிச் சண்டை உச்சத்தில் இருந்தபோது ஈட்டியும் நாப்கெரியும் "பண்பாட்டு ஆயுதம்" என்ற பெயரில் ஊர்வலங்களில் வந்தன. 1992 செப்டம்பரில் மண்டேலாவும் அன்றைய குடியரசுத் தலைவர் டி கிளர்க்கும் செய்த உடன்பாட்டில் அவற்றைப் பொது இடங்களில் தடைசெய்வது ஒரு முக்கிய அம்சம்.

ஆக, இது சும்மா அழகான நாட்டுப்புற வடிவம் என்று நான் சொல்ல மாட்டேன். இரத்தம் பார்த்த பொருள். ஆனாலும் தேர்வு சரி என்றே நினைக்கிறேன். ஆங்கிலேயரின் மேஸும் மண்டை உடைத்த ஆயுதம்தான். அடிக்கிற கருவியை மேசைமேல் வைத்துவிட்டு வாயால் சண்டை போடுவோம் என்பதுதான் இந்தச் சடங்கின் உள்ளர்த்தம். அடுத்தவர் நாட்டு ஆயுதத்தை விட, இந்த மண்ணில் இந்த மக்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்ட ஆயுதத்தை அங்கே கிடத்துவது பொருத்தம். பெரியம்மாவிடமும் இதைச் சொன்னேன். அவர் முழுதாக ஏற்கவில்லை. அவர் பட்டது அவருக்கு.

கோல் இருந்தால் மட்டும் அவை பாதுகாப்பாகிவிடாது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2014 நவம்பரில் கலவரத் தடுப்புப் போலீஸ் அவைக்குள்ளேயே நுழைந்தது. 2015 பிப்ரவரி 12 அன்று குடியரசுத் தலைவர் உரையின்போது எதிர்க்கட்சி உறுப்பினர்களைக் குண்டுக்கட்டாக வெளியே தூக்கிப்போட்டார்கள். அவையில் பேசிய பேச்சுக்காக உறுப்பினரைக் கைதுசெய்ய இடம் தரும் சட்டப் பகுதி செல்லாது என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2016 மார்ச்சில் தீர்ப்பளித்தது. ஃபெரர்ஸ் விஷயத்தில் மேஸ் செய்த வேலையை இங்கே நீதிமன்றம் செய்தது. என் கணக்கில், கோலைவிட அந்தத் தீர்ப்புக்கு மதிப்பு அதிகம்.

அப்புறம் தமிழருக்கு இதில் என்ன பங்கு என்ற கேள்வி. தம்பி நாயுடுவின் பேரன் இந்திரஸ் நாயுடு ராபன் தீவுச் சிறையில் பத்து வருடம் கைதியாக இருந்தவர், 1994க்குப் பின் செனட்டில் உறுப்பினராக உட்கார்ந்தார். தாத்தா வெளியே நின்று மனு கொடுத்த நாடாளுமன்றத்தில் பேரன் வாக்களித்தார். 1996 அரசியல் சாசனத்தின் ஆறாவது பிரிவில், இந்நாட்டுச் சமூகங்கள் பேசும், மதித்துப் பேணப்பட வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழின் பெயர் எழுத்தாகவே இருக்கிறது. இந்தி, தெலுங்கு, குஜராத்தி, உருதும் இருக்கின்றன. எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள், அது எங்கள் கவலை. ஆனால் பள்ளியில் தமிழ் வகுப்பு கேட்டுப் போகும்போது கையில் பிடித்துக்கொள்ள அந்தப் பிரிவு இருக்கிறது. 1896இல் நம்மைப் பெயர் சொல்லாமல் வெளியே தள்ளினார்கள். 1996இல் பெயர் சொல்லி உள்ளே எழுதினார்கள்.

அதனால்தான் கோலைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. நம் முன்னோர் கேட்டது அந்த மேசையில் ஒரு இடம். மேசையை உடைக்கச் சொல்லி அவர்கள் கேட்கவில்லை. பழைய கோலை உருக்கிவிட வேண்டும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். நான் அதை ஏற்க மாட்டேன். வைத்திருங்கள், பக்கத்தில் மூன்று பவுன் வரிக் கணக்கையும் எழுதி வையுங்கள், பிள்ளைகள் இரண்டையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

கேப் டவுனில் 2022 ஜனவரித் தீயில் அவை மண்டபம் எரிந்துபோனது. அதன்பின் அமர்வுகள் நகர மண்டபம் போன்ற இடங்களில் நடந்தன. அதனால் அங்கே பார்க்கப் போகிறவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். டர்பன் பக்கம் வந்தால், ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். காந்தியை இரயிலிலிருந்து இறக்கிவிட்ட நிலையத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். அங்கேயிருந்து நகரின் நடுவுக்குப் போனால் பழைய நேட்டால் சட்டமன்றக் கட்டடம் இருக்கிறது, முன்னால் விக்டோரியா ராணி சிலையோடு. மூன்று பவுன் சட்டம் அங்கேதான் நிறைவேறியது. இப்போது அதில் குவாசூலு-நேட்டால் மாகாணச் சட்டமன்றம் கூடுகிறது, தமிழ்ப் பெயர் கொண்டவர்களும் உறுப்பினராக அங்கே பேசியிருக்கிறார்கள்.